சம்பாவுக்குச் சாதா விலையா?

கேள்வி: இயற்கை முறையில் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறேன். வியாபாரி சாதா நெல் விலைதான் தருகிறார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேரலாமா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் பங்குத்தொகை கட்டும் முன் அவர்களுடைய கிடங்கை நேரில் போய்ப் பாருங்கள். உரம் போட்ட நெல்லோடு ஒரே அடுக்கில் உங்கள் மூட்டையும் கிடந்தால், கூடுதல் விலை கேட்க வாய் இருக்காது. சான்றிதழா? அக்கம்பக்கத்தில் 5 விவசாயிகள் சேர்ந்தாலே பி.ஜி.எஸ். (பங்கேற்பு உத்தரவாத முறை) குழு அமைக்கலாம், செலவு குறைவு, உள்நாட்டு விற்பனைக்குப் போதும். ஏற்றுமதிக்குத்தான் என்.பி.ஓ.பி. (தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம்) சான்று வேண்டும். அறுத்ததும் பணம் தேவைப்பட்டால் அவசரத்தில் விற்காதீர்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லை ஈடாக வைத்துப் பொருளீட்டுக் கடன் கிடைக்கும். நிறுவனத்தில் சேர்ந்தபின் முடிந்தவரை அரிசியாக்கி விற்கச் சொல்லுங்கள், லாபம் அங்கேதான். பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.