கூடிப் பேசித் தீர்மானித்தல்

1844-இல் இங்கிலாந்து தேசத்து ராக்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர் கூடிக் கடையொன்றை நிறுவினர். பங்கு எத்தனை இருப்பினும் அங்கத்தினர் ஒருவருக்கு வாக்கு ஒன்றே என்பது அவர்கள் வகுத்த நெறி. வாக்கு சமமாயிற்று, பேச்சு சமமாயிற்றா? இம்மாதம் இதனையே பாடமாகக் கொள்வோம்.

நாம் அறிந்த நெசவாளர் சங்கம் ஒன்றில் சரக்கு தேங்கிற்று. 40-ஆம் நம்பர் நூலை விடுத்து 60-ஆம் நம்பரில் சேலை நெய்வதென மகாசபை கூடியது. தலைவர் எழுந்து, "இதுவே சங்கத்திற்கு நன்மை, ஆட்சேபம் உண்டா?" என்றார். எவரும் வாய் திறந்திலர். கைகள் உயர்ந்தன. கால்மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. அதனைத் திறமையென்றே அன்று நாமும் எண்ணினோம். மறுநாள் தேநீர்க் கடையில்தான் மெய்யான மகாசபை கூடிற்று! மெல்லிய நூலில் இழை அறுதல் மிகும், அச்சும் விழுதும் மாற்றவேண்டும், சேலைக்கு நாள் கூடும், கூலியோ பழையதே. தார் சுற்றும் பெண்மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்டிலர். இரண்டு மாதங்களில் பல தறிகள் தனி முதலாளிகளிடம் போயின.

தலைவர் தம் கருத்தை முதலில் உரைத்ததே முதற்பிழை. தலைமை வகிப்பவர் இறுதியில் பேசுதல் நலம்; அவர் சொன்னபின் மறுப்பதற்கு, அதிலும் கடன் நிலுவை உள்ள அங்கத்தினருக்கு, நா எழுவதில்லை. வினாவும் பிழையானதே. "நூலை மாற்றுவோமா?" என்றால் விடை ஆம் அல்லது இல்லை. "தேங்கிய சரக்கைக் குறைப்பது எங்ஙனம்?" என்று கேட்டிருப்பின் வழிகள் பல தோன்றியிருக்கும்.

இருப்புக் கணக்கும் கூலிக் கணக்கும் கூட்ட அறிவிப்போடே அங்கத்தினர் கைக்குச் சேரவேண்டும். பெருங்கூட்டமாயின் எட்டுப் பத்துப் பேராகப் பிரித்து அமர்த்தி, இளையோர் தொடங்கி வரிசையாக யாவரையும் பேசச் செய்யலாம். மறுப்பவரை அடக்குதல் எளிது, "எதை மாற்றினால் உமக்குச் சம்மதம்?" என்று வினவுதலே பயன் தரும். உரக் கொள்முதல் பேசும் விவசாய அங்கத்தினருக்கும் இஃது ஒக்கும். அங்கே வாய் திறவாதவர் சிறு நிலத்தார். இத்தனைக்கும் பின் கருத்து ஒன்றுபடாவிடில் வாக்கெடுப்பு இருக்கவே இருக்கிறது. கலையுமுன் தீர்மானத்தை உரக்க வாசித்து, செய்பவர் யார், எந்நாளுக்குள் என்பதையும் மினிட் புத்தகத்தில் எழுதிவிடல் வேண்டும்.

அச்சங்கம் மறுபடியும் கூடிற்று. மூன்று மணி நேரம் பேசினர். பத்துத் தறிகளில் மட்டும், கூலியை உயர்த்தி, மூன்று மாதம் நெய்து பார்ப்பதென முடிவாயிற்று. போன தறிகளுள் சில இன்னமும் திரும்பவில்லை.