பாலியெஸ்டர் நூலும் உலோக வினையூக்கிகளும்

அவிநாசிக்கும் செங்கப்பள்ளிக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த பெருமாநல்லூரில், பனியன் துணி பின்னும் கூடமொன்றைக் காண மாணாக்கர் சிலருடன் சென்றிருந்தோம். பருத்திக்குப் பேர்போன இவ்வட்டாரத்தில் விளையாட்டு உடைகளின் பொருட்டுப் பாலியெஸ்டர் நூலும் இப்போது வந்திறங்குகின்றது. “இதற்கு எந்தப் பஞ்சு?” என்று மாணாக்கர் ஒருவர் வினவ, எந்திரம் ஓட்டுபவர், “பஞ்செல்லாம் இல்லீங்க தம்பி, பெட்ரோல்ல இருந்து வர்றதுங்க” என்றார். விடை பிழையன்று. ஆயினும் எண்ணெய்க்கும் நூலுக்கும் நடுவே நின்று உழைக்கும் உலோகங்கள் அவ்விடையில் இடம்பெறவில்லை. அவற்றை ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்போம்.

கச்சா எண்ணெயினின்று பிரியும் நாப்தா, கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரோகார்பன்களின் கலவையாகும். அம்மூலக்கூறுகளை பென்சீனைப் போன்ற ஆறணு வளையங்களாக மாற்றினால் பாலியெஸ்டருக்கு வேண்டிய சைலீன் கிட்டும். அமெரிக்காவில் விளாடிமிர் ஹேன்சல் என்பார் இதற்குப் பிளாட்டினத்தைத் தெரிந்தெடுத்தார். அம்முறையின் முதல் ஆலை 1949-இல் இயங்கலாயிற்று. அத்துணை விலையுயர்ந்த உலோகத்தை எண்ணெய் ஆலையில் இடுவதா என எவர்க்கும் ஐயம் எழும். நூற்றில் ஒரு பங்கினும் மிகக் குறைந்த பிளாட்டினத்தை அலுமினாவின்மேல் நுண்துகளாகப் பரப்பியதே அவர் கண்ட உபாயம். துகள் சிறுக்கச் சிறுக்க, புறத்தே நின்று வேலை செய்யும் அணுக்களின் விகிதம் பெருகுமன்றோ?

அலுமினாவுக்கும் இதில் தொழில் உண்டு. மெத்தில் சைக்ளோபென்டேனின் ஆறு கரியணுக்களில் ஐந்தே வளையத்துள் உள்ளன. பிளாட்டினம் அதனின்று ஹைட்ரஜனைக் கழற்றும். குளோரினால் அமிலத்தன்மை பெற்ற அலுமினா அவ்வளையத்தை ஆறணு வளையமாக்கும். எஞ்சிய ஹைட்ரஜனைப் பிளாட்டினம் மீண்டும் கழற்ற, பென்சீன் உண்டாகும். அமிலம் அளவு கடந்தால் மூலக்கூறு துண்டுபடும். சுமார் 500 பாகை வெப்பத்தில் கரி படிந்து ஊக்கி சோர்வதும் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் பிளாட்டினத்துடன் ரீனியம் சேர்க்கப்பட்டபின் அச்சோர்வு வெகுவாய்த் தாமதித்தது. வீரியம் மிக்க உலோகத்தைத் தேடிப் பிடித்தலினும், அதனை எங்கே நிறுத்துவதென்று அறிதலே கடினமான வேலை என்பது எம் கருத்து.

சைலீன் மூவகைப்படும், நூலுக்கு உதவுவது பாரா-சைலீன் ஒன்றே. மற்றவற்றை அதுவாக மாற்றும் பணியில் நம் நாட்டாருக்கும் பங்குண்டு. சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்ற பால் இரத்தினசாமி, புனே தேசிய இரசாயன ஆய்வகத்தில் தம் குழுவினருடன் ஆராய்ந்த ‘என்சிலைட்டு’ வகை ஜியோலைட்டுகள் 1980-களில் வடோதராவில் தொழிற்பயன் எய்தின. இவ்வகைப் பொருளின் நுண்துளைகளில் ஒடுங்கிய வடிவுடைய பாரா-சைலீன் எளிதில் நுழைந்து வெளியேறும், ஏனையவை இடர்ப்படும்.

அடுத்தது கோபால்ட்டு. காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு பாரா-சைலீனை டெரிஃப்தாலிக் அமிலமாக்க இது துணைசெய்யும். தனித்து விட்டால், இரு மெத்தில் தொகுதிகளில் ஒன்றை அமிலமாக்கியபின் பெரும்பாலும் தயங்கி நிற்கும். மாங்கனீசும் புரோமினும் கூடினால் இரண்டாவதும் மாறும். ஆனால் புரோமின் கலத்தை அரிக்குமாதலின் டைட்டானியம் பூண்ட கலம் வேண்டும்; எளிதாய்க் கிட்டும் அனுகூலமன்று! எத்திலீனைக் கிளைக்காலாக்கும் வழியில் வெள்ளி உதவுகின்றது.

அமிலத்தையும் கிளைக்காலையும் நீண்ட சங்கிலியாகக் கோப்பதற்குப் பெரும்பாலான ஆலைகள் ஆன்டிமனியை இடுகின்றன. பிளாட்டினமும் வெள்ளியும் ஆலையிலேயே தங்கிவிடும். ஆன்டிமனியோ கிலோ ஒன்றுக்குச் சுமார் 200 முதல் 300 மில்லிகிராம் வரை நூலினுள் தங்கி, கோனிற் சுற்றப்பட்டு, பெருமாநல்லூர் வரைக்கும் வந்துசேர்கின்றது.