சட்டியின் சுவரைத் தேய்

அன்புள்ள கயல்விழி,

நாய்க்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாய், நல்லது. ஆனால் சட்டியைத் தேய்க்காமல், குறையக் குறைய நிரப்பினால் போதாது. மரக்காணத்துப் பெண்ணான உனக்கு இதற்குச் சாட்சி உப்பளத்திலேயே இருக்கிறது. கடல்நீரில் நூற்றுக்குச் சுமார் 3.5 பங்கு உப்பு. பாத்தியில் வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொண்டே போக, உப்பு படியும் வேளையில் அது 25 பங்கைத் தொட்டுவிடுகிறது. வாசலில் காயும் சட்டியிலும் இதே வேலைதான் நடக்கிறது. உவர்ப்பான போர்த் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றினால், நேற்றைய உப்போடு இன்றைய உப்பும் சேரும். விளிம்பில் நிற்கும் வெள்ளை வளையம் அப்படிச் சேர்ந்ததுதான்.

உப்பைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று. சட்டியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார், வழவழக்கும். நாயின் எச்சிலையும் சோற்றுத் துணுக்கையும் தின்று, தாமே சுரந்த பசைக்குள் பாக்டீரியாக்கள் கூட்டமாகக் குடியிருக்கும் படலம் அது. நீரைக் கொட்டினாலும் போகாது. புதுத் தண்ணீரிலும் கிருமியை விட்டுக்கொண்டே இருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் சுவரைத்தான் நம்புகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; நீர் பட்டதும் பொரிந்து, நம் வெக்கையில் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகும். ஆக, நாயின் சட்டி வீட்டு மனிதருக்கும் சம்பந்தப்பட்டது.

‘தெருக்குட்டையில் குடிக்கிற நாய்தானே’ என்பார்கள். அந்தக் குட்டையில் எலி மூத்திரம் கலந்திருந்தால் நாய்க்கு எலிக்காய்ச்சல் வரலாம். நாயின் சிறுநீர் வழியே வீட்டாருக்கும் தொற்றலாம். வீட்டிலேயே சுத்தமான தண்ணீர் கிடைத்தால் குட்டையைத் தேடும் தேவை குறையும். ‘குடிக்கவே நல்ல தண்ணீர் தட்டுப்பாடு’ என்பது நியாயமான பேச்சு. ஆனால் சட்டியைக் கழுவ ஒரு சொம்பு போதும். கொட்டும் பழைய நீர் செடிக்காகும். ‘குடிக்கும் தண்ணீரில் ஒரு பிடி உப்பு போட்டால் கிருமி சாகாதா?’ என்று கேட்பாரும் உண்டு. கிருமியைக் கொல்லும் அளவுக்கு உப்பிட்டால் அது நாய்க்கே நஞ்சு. உப்பின் உதவி வேறு இடத்தில் இருக்கிறது: கல்லுப்பைத் தேங்காய் நாரில் வைத்து, விளிம்பிலிருந்து அடிவரை அழுத்தித் தேய்த்தால் வழவழப்பு உரிந்து வரும். பிறகு உப்புக் கரிக்காதபடி நன்றாக அலசிவிடு. பிளாஸ்டிக் கிண்ணமானால் இப்படித் தேய்க்காதே, கீறல் விழும். கீறலுக்குள் படலம் பதுங்கிக்கொள்ளும். எவர்சில்வர் கிண்ணம் வாங்கி, நிழலில் வை.

அன்புடன்,
சித்தப்பா