கண்ணுக்குப் பொருந்தும் திருகு, மரைக்குப் பொருந்துமா?

கிளாரினெட்டில் ஒரு திருகு தொலைந்துபோனால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மூக்குக் கண்ணாடிக் கடைதான். கடைக்காரரும் பெட்டியைக் கிளறி, ஏறக்குறைய அதே பருமனில் ஒன்றை எடுத்துத் தருவார். இரண்டு சுற்று சுலபமாக இறங்கும், மூன்றாவதில் பிடிக்கும். “கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்” என்று அழுத்தினால் மரைதான் போகும். திருகு எஃகு. அதைத் தாங்கும் சிறு தூணான போஸ்ட் பெரும்பாலும் நிக்கல் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த மென்மையான உலோகம். இரண்டும் மோதினால் வீணாவது போஸ்ட்.

பருமன் ஒத்தால் போதும் என்ற நம்பிக்கைதான் இப்படிக் கிளாரினெட்டுகளைப் பாழாக்குகிறது. ஒன்றுபோலத் தெரியும் மூன்று திருகுகளைப் பார்ப்போம். மெட்ரிக் எம்2.2 திருகின் விட்டம் 2.2 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 0.45. பிரிட்டனின் 8 பி.ஏ. திருகுக்கும் விட்டம் அதே 2.2, இடைவெளி மட்டும் 0.43. அமெரிக்காவின் 2-56 திருகில் அங்குலத்துக்கு 56 மரை; விட்டம் 2.18, இடைவெளி சுமார் 0.454. கோணத்திலும் வேறுபாடு உண்டு. மெட்ரிக், அமெரிக்க மரைகள் 60 பாகை; பி.ஏ. மரை 47.5 பாகை. எம்2.2 போக வேண்டிய இடத்தில் 2-56 சில சுற்றுகளுக்கு ஒத்துப்போய்விடலாம். 8 பி.ஏ. சிக்கும்.

வெறும் கண்ணுக்கு இது பிடிபடாது, அளந்தால் பிடிபடும். பூதக்கண்ணாடியில் பத்து மரை இடைவெளிகளை எண்ணி வெர்னியரை வைத்தால் எம்2.2-இல் 4.5 மில்லிமீட்டர் காட்டும், 8 பி.ஏ.-இல் 4.3. தொலைந்த திருகை எப்படி அளப்பது? அதே கருவியில் அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றைக் கழற்றி அளக்கலாம்.

‘அதே கம்பெனித் திருகு என்றால் கட்டாயம் சேரும்’ என்பதையும் முழுதாக நம்ப முடியாது. பொது அளவுகள் வருவதற்கு முன்பே வந்த கருவி இது. இன்று பெருவாரியாக வாசிக்கப்படும் 17 கீ கிளாரினெட்டின் அமைப்புக்கு, கிளாரினெட் கலைஞர் க்ளோஸேயும் கருவி செய்பவரான பஃபேயும் பாரிஸில் காப்புரிமை பெற்றது 1844-இல். சிறு கருவிகளுக்கான பி.ஏ. அளவுகளை பிரிட்டன் வகுத்தது 1884-இல்தான். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தன் சொந்த டேப் (துளைக்குள் மரை வெட்டுவது), டை (கம்பியில் மரை வெட்டுவது) வைத்தே மரை வெட்டியது. பொது அளவு வந்த பிறகும் பழைய வழக்கத்தை எல்லோரும் உடனே விட்டுவிடவில்லை. போதாததற்கு, ஒரே கருவியிலேயே திருகுகளை அந்தந்த இடத்துக்குத் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். கழற்றும்போதே அவற்றை ஓர் அட்டையில் வரிசை மாறாமல் குத்தி வைப்பது நல்லது.

கீ ஆடினால் திருகை இறுக்கு என்கிறார்களே? பாதி சரி. கீயின் இரு முனையையும் தாங்கும் சிறு திருகின் நுனி கூம்பாக இருந்தால், கொஞ்சம் உள்ளே திருப்பியதும் ஆட்டம் நிற்கும். ஆனால் பல திருகுகளுக்குத் தலையோ தோளோ உண்டு. அது போஸ்டில் போய் உட்கார்ந்ததோடு சரி. அதற்குமேல் இறுக்கினால் ஆட்டம் குறையாது, திருகின் பிளவுதான் சிதையும். தலை உட்காரும் பள்ளத்தை மயிரிழை அளவு ஆழப்படுத்தித் திருகை உள்ளே இறக்குவது ரிப்பேர் செய்பவரின் வேலை. வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அதிகம் வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை.

துருப்பிடித்த திருகுக்கு முரட்டுக் கை ஆகாது. பிளவின் அகலமும் தடிமனும் நிரம்புகிற திருப்புளி வேண்டும். ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஓரிரவு பொறுத்து, சூடான சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகின் தலையில் சிறிது நேரம் வைத்தால் துரு விடும். போஸ்ட் மரத்தில் பதிந்திருப்பதால் சூடு அதிகமாகக் கூடாது.

கவலைக்குரிய நம்பிக்கை இன்னொன்று உண்டு: ‘திருகு கிடைக்காவிட்டால் கருவி அவ்வளவுதான்.’ சதிர்க் கச்சேரிகள் வழியாகக் கர்நாடக இசைக்குள் வந்த கிளாரினெட்டை, கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி. நடராஜன் 2008-இல் சங்கீத கலாநிதி விருது பெறும் உயரத்துக்குக் கொண்டுபோனார். அப்படிப்பட்ட வாத்தியத்தை ஒரு துண்டு எஃகுக்காகப் பரணில் போடுவது மனசு கேட்காத காரியம். கீயின் குழாய்க்குள் ஓடும், திருகாகவும் பயன்படும் நீண்ட கம்பியைச் சிறிய லேத் உள்ள எவரும் செய்துவிடலாம். அதற்கு சில்வர் ஸ்டீல் என்ற, வெள்ளி துளியும் இல்லாத, சுமார் 1 சதவீதம் கார்பன் கொண்ட எஃகுக் கம்பி கடைகளில் சீராகத் தேய்த்த அளவுகளில் கிடைக்கிறது. குழாயில் வழுக்கி ஓடுகிற, ஆனால் ஆடாத கம்பியைத் தேர்ந்து, ஒரு முனையை லேத்தில் மெலிதாக்கி, அளந்தறிந்த மரைக்குரிய டையை எண்ணெய் விட்டு ஓட்ட வேண்டும். அரை சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. மறுமுனையில் பிளவு அறுத்து, நீளத்தை அரத்தால் சரிசெய்தால் கம்பி தயார். போஸ்டின் மரையே தேய்ந்துபோயிருந்தால்தான் அடுத்த பெரிய அளவுக்கு டேப் போட வேண்டும்; பழைய அளவு அதோடு போய்விடும் என்பதால் அது கடைசி வழி.

செய்த திருகு சரிதானா என்று பார்க்க, ஸ்பிரிங்கை மாட்டாமல் கீயைத் தூக்கி விட வேண்டும். தன் எடையிலேயே தடையின்றி விழ வேண்டும். விரலால் பக்கவாட்டில் அசைத்தால் அசையக் கூடாது. இரண்டும் சரியான பிறகு ஸ்பிரிங்கை மாட்டலாம்.