பெண்கள் ஃபுட்பால்: நாம் நம்புவதும் நடந்ததும்

"பொண்ணுங்க ஃபுட்பால் ஆடுறதெல்லாம் இப்போ வந்தது. ஆசிய அளவுல நம்ம பொண்ணுங்க எங்க நிக்கப் போறாங்க?"

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு பெண் ஃபுட்பால் ஸ்டட்ஸ் வாங்கித் தரச் சொன்னால், வீட்டில் முதலில் எழும் பேச்சு இதுதான். நடந்ததோ வேறு. 1980 ஜனவரியில் மகளிர் ஆசியக் கோப்பை கோழிக்கோட்டில் நடந்தது. இந்தியா ஒன்றல்ல, இரண்டு அணிகளை இறக்கியது. அதில் ஓர் அணி இறுதி ஆட்டம்வரை போய், தைவானிடம் 0-2 என்று தோற்றது. அடுத்த போட்டியில் மூன்றாமிடம். 1983-இல் பாங்காக்கில் மறுபடியும் இறுதி ஆட்டம், தாய்லாந்திடம் தோல்வி.

அந்தத் தாய்லாந்து பிறகு 2015, 2019 உலகக் கோப்பைகளில் ஆடியது. நாமோ ஆடுவதையே விட்டோம். 18 மாதங்களுக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடாததால், 2009-இல் இந்தியப் பெண்கள் அணியின் பெயரே ஃபிஃபா தரவரிசையிலிருந்து எடுக்கப்பட்டது. பெண்களுக்கான தேசிய லீக் 2017-இல்தான் தொடங்கியது. திறமை வற்றிப்போய் நாம் பின்தங்கவில்லை. ஆட்டமே வைக்காமல் பின்தங்க வைத்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 2025 ஜூலையில் சியாங் மாயில் அதே தாய்லாந்தை, அதன் சொந்த மண்ணில், 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்கு நம் பெண்கள் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை.

"மணிப்பூர்க்காரங்களுக்கு வரும், நமக்கு வராது."

மணிப்பூரின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. தேசியப் பட்டத்தை அதிக முறை வென்ற மாநிலம் அதுதான். ஆனால் 2018-இல் கட்டாக்கில் அந்த மணிப்பூரையே இறுதியில் 2-1 என்று வென்றது தமிழ்நாடு. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் பட்டம். இடையே 2019-இல் மதுரையின் சேது எஃப்.சி. தேசிய லீக்கை வென்றது. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிய நடுக்கள வீராங்கனை. தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. ஆனவர். ஆவடியில் இத்தனை காவலர் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீடுகளில் இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

"அவங்களுக்குப் பந்தும் சின்னது, நேரமும் கம்மி."

இல்லை. பெரியவர்கள் ஆட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே 5-ஆம் எண் பந்து, அதே 90 நிமிடம், அதே 7.32 மீட்டர் கோல். 1991-இல் சீனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையில் மட்டும் பெண்களுக்கு 80 நிமிடம் வைத்தார்கள். அடுத்ததிலேயே அது போய்விட்டது.

"ஓடி ஆடினா கர்ப்பப்பை எறங்கிடும், பின்னால குழந்தை பிறக்காது."

இதைப் பூந்தமல்லியில் பாட்டிமார் மட்டும் சொல்வதில்லை, படித்தவர்களும் சொல்கிறார்கள். கர்ப்பப்பை இடுப்பெலும்புகளுக்கு நடுவே தசைகளும் தசைநார்களும் தாங்கப் பத்திரமாக இருக்கிறது. ஓடுவதும் குதிப்பதும் குழந்தைப்பேற்றைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. மாதவிடாய் நாளிலும், உடம்பு ஒத்துழைத்தால், ஆடலாம்.

கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. ஒன்று, இரத்தசோகை: ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. சீக்கிரம் மூச்சு வாங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். இன்னொன்று, முழங்கால். மூட்டின் உள்ளே இருக்கும் முன்சிலுவைத் தசைநார் கிழிவது பெண்களிடம் ஆண்களைவிட அதிகம். அதற்கும் வழி இருக்கிறது. ஃபிஃபா 11+ என்ற 20 நிமிட வார்ம்-அப்பை நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்தபோது, மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. மகளைச் சேர்க்கும் நாளில் கோச்சிடம் இதைக் கேளுங்கள்: "சார், வார்ம்-அப் எத்தனை நிமிஷம் குடுக்கறீங்க?"