விடுதலையானவர்களின் சிறை

அன்புள்ள நிலாவுக்கு,

சிறைச் சீர்திருத்தம் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். ஜான் ஹோவர்டிடமிருந்து தொடங்கு.

1773-ல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயருக்கு ஷெரீஃப் ஆனார். பெரும்பாலும் அலங்காரப் பதவி. சிறைக்குள் எட்டிப் பார்த்த ஷெரீஃப்கள் அபூர்வம். இவர் பார்த்தார். நிரபராதி என்று தீர்ப்பான ஆட்களும் உள்ளேயே கிடந்தார்கள். சிறை அதிகாரிக்குச் சம்பளம் கிடையாது, கைதிகள் கட்டும் கட்டணம்தான் வருமானம். கட்டாதவனுக்குக் கதவு திறக்காது.

அந்த அதிகாரியைத் திட்டுவதோடு வேறொருவர் நின்றிருப்பார். ஹோவர்டு, அவருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று நீதிபதிகளிடம் கேட்டார். வேறெங்காவது கொடுக்கிறார்களா என்று திருப்பிக் கேட்டார்கள். (அரசு அலுவலகங்கள் எந்தக் காலத்திலும் ஒன்றுதான்!) முன்னுதாரணம் தேடிக் குதிரையில் பக்கத்து மாவட்டங்களுக்குப் போனார். அங்கும் அதே அநியாயம். அந்தத் தேடல் அவர் சாகும்வரை நிற்கவில்லை.

1774-ல் நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்னார். அதே ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன: விடுதலையானவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது, சிறையைச் சுத்தமாக, காற்றோட்டமாக வைக்க வேண்டும். அவற்றைச் சொந்தச் செலவில் அச்சடித்துச் சிறைகளுக்கு அனுப்பினார்.

1777-ல் வந்த அவருடைய நூலைக் கட்டாயம் படி. ஒவ்வொரு சிறைக்கும் கட்டணம் எவ்வளவு, ரொட்டி எவ்வளவு, அறையின் நீள அகலம், தண்ணீர் உண்டா என்று வரிசையாகக் குறித்திருப்பார். 1776-ல் அவர் எண்ணிய 4,084 கைதிகளில் 2,437 பேர் கடனைக் கட்ட முடியாதவர்கள். தூக்கில் செத்தவர்களைவிடச் சிறைக் காய்ச்சலில் செத்தவர்களே அதிகம் என்று எழுதினார். உடையில் ஏறிய நாற்றத்தால் மூடிய வண்டியில் போக முடியாமல் குதிரையிலேயே பயணம் செய்தார். குறிப்பேட்டின் தாள்களைக்கூட நெருப்பருகே காயவைத்த பிறகே பயன்படுத்த முடிந்ததாம். அந்த நாற்றம் பற்றிய நாலு வரி, எத்தனையோ ஆவேசப் பேச்சுகளுக்குச் சமம். 1790-ல் கெர்சான் நகரில் காய்ச்சல் கண்டு இறந்தார்.

ஆனால் அவரைக் கும்பிட்டு எழுதாதே. கைதிகள் இரவில் தனித்தனியே படுத்தால் மனம் திருந்துவார்கள் என்று நம்பினார். பின்னால் வந்தவர்கள் அதை இழுத்துக்கொண்டே போய், 1842-ல் திறந்த பென்டன்வில் சிறையில் பகலிலும் தனிமையில் அடைத்தார்கள். சிலருக்குப் புத்தி பேதலித்தது. கட்டுரையில் அதையும் சேர்த்து எழுதி, அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி காட்டு.

அன்புடன்,
பெரியப்பா