பழைய டிராக்டரின் பிரேக்குகளைச் சரிசெய்தல்

நெல் மூட்டைகள் ஏற்றிய டிரெய்லருடன் ஏரிக்கரைச் சரிவில் இறங்கும் டிராக்டரை அங்கத்தினர் பலரும் கண்டிருப்பர். அச்சமயம் ஒரு பக்கத்துப் பிரேக்கு மட்டும் பற்றுமாயின், வண்டி அப்பக்கம் இழுத்துக்கொண்டு கரையினின்றும் கவிழும். ஓட்டுபவர் அடியில் சிக்குவார். ஆதலின் இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

1960-இல் சென்னையில் நிறுவப்பெற்ற டாஃபே கம்பெனியார் செய்த மாஸி பெர்குஸன் 1035 டிராக்டர்களில் பழையனவற்றுக்குப் பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் தனித்தனியே டிரம் பிரேக்கு உண்டு. மிதிகளும் இரண்டு. வயற்கோடியில் திரும்புகையில் ஒன்றை மட்டும் மிதிக்கலாம். சாலையில் இரண்டையும் கொக்கியால் இணைத்தே ஓட்டுதல் வேண்டும். இணைத்தால் மட்டும் போதாது. இரு பக்கமும் சமமாகப் பற்றவும் வேண்டும். பாவின் ஒரு புறம் தளர்ந்தால் துணி கோணுவதை நம் நெசவாள அன்பர்கள் அறிவர். இதுவும் அத்தகையதே.

சரிசெய்யச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைக்க. ஜாக்கியால் பின்னச்சைத் தூக்கியபின், உறுதியான முட்டு கொடாமல் அடியில் கை நுழைக்கலாகாது. பிரேக்குத் தகட்டின் துளை வழியே திருப்புளியால் பற்சக்கரத்தைத் திருப்பி, சக்கரம் சுழலாது பிடிக்கும் வரை இறுக்குக. பின்னர் உரசாமல் சுழலும் அளவுக்குத் தளர்த்துக. மறுபக்கமும் அவ்வாறே. மிதிகள் ஒரே உயரத்தில் நின்று பற்றுமாறு இழுகம்பிகளைத் திருத்துக.

இவ்வளவு செய்தும் பற்றவில்லையெனில் டிரம்மைக் கழற்றிப் பார்த்தலே வழி. சேற்றுழவில் புகுந்த மண்ணும் நீரும் லைனிங்கைத் தேய்த்திருக்கும். ரிவெட்டுத் தலை வெளிப்பட்டால் டிரம் கீறிப்போகும். அச்சின் எண்ணெய்ச் சீல் ஒழுகி லைனிங் நனைந்திருப்பதும் உண்டு. அதனைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் பூட்டுவோரைக் கண்டிருக்கிறோம். உள்ளே ஊறிய எண்ணெய் சூடேறியதும் மறுபடி கசியும். அது வீண் வேலை. முதலில் சீலை மாற்றி, பின் இரு பக்கத்து லைனிங்குகளையும் ஒருசேர மாற்றுக. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அத்தூளை ஊதவேண்டா, அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுக்க.

முடிந்தபின் டிரெய்லரைப் பூட்டாமல், திறந்த வெளியில் மெதுவாக ஓட்டி, இணைத்த மிதிகளை அழுத்திப் பார்க்க. எப்பக்கம் இழுக்கிறதோ அப்பக்கத்தைச் சிறிது தளர்த்துக. டிரெய்லருக்குத் தனிப் பிரேக்கு இல்லாதோர், சரிவு தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றி, கிளச்சை மிதிக்காமல் இறங்குக.